உள்ளே வாங்க, அங்கே உட்காருங்க

மதம் மாறி வருகிறவர்களை வரவேற்பதில் காவிரிக் கரையை மிஞ்ச ஆளில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான். தலை துவட்டியதும் மெதுவாகக் கேட்போம்: "நீங்க எந்தத் தெரு?"

தரங்கம்பாடியில் 1718-இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் மேல்சாதியாருக்கு ஓரிடம், பறையருக்கு ஓரிடம். பழைய எருசலேமில் இல்லாத சேரியைப் புதியதில் சேர்த்த பெருமை நம்முடையது. தஞ்சை மன்னர் படையில் சேவகம் பார்த்த இராஜநாயக்கன், பறையர், உபதேசியாராகி ஊர் ஊராய் அலைந்து சபைகளை வளர்த்தார். அலையலாம், தடையில்லை. குருப்பட்டம் என்றதும்தான் பாதிரிகளுக்கு வியர்த்தது: அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாய் திறப்பார்களா? 1741-இல் பட்டம் வேறொருவருக்குப் போனது. உலகத்தின் பாவத்தையெல்லாம் கழுவுகிற இரத்தத்துக்கு, அதை நீட்டுகிற கையின் தீட்டைக் கழுவ மட்டும் தெம்பில்லை!

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர் கொதித்தது. குலதெய்வத்தை விட்டாயிற்று, திருநீற்றை விட்டாயிற்று, சாதியையுமா? வேதநாயக சாஸ்திரியார் ஏற்கெனவே, கீர்த்தனை எழுதிய அதே எழுத்தாணியால், சாதியாசாரத்துக்கு வக்காலத்தும் எழுதி வைத்திருந்தார். கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களில் பலரைப் பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதியோடு சேர்த்தே அணைத்துக்கொண்டது.

நம்மை மட்டும் திட்டுவானேன்? கொச்சி யூதர்களும் இந்தப் பாடத்தில் தேறியவர்களே. அவர்களின் பரதேசி ஜெப ஆலயத்தில், விடுதலையான அடிமைகளின் வாரிசுகளுக்குச் சமமான இருக்கை கிடைக்கவில்லை. அந்த வாரிசுகளில் ஒருவர், சென்னையில் சட்டம் படித்த வக்கீல் ஏ.பி. சேலம், தன் கடவுளின் வீட்டிலேயே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில் திருவிழாவிலும் சாவிலும் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சர்க்காரோ, 1950-இலேயே ஆணை போட்டு முடித்துவிட்டது: கிறிஸ்தவனானால் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. ஆக, கோயிலில் சாதி உண்டு, தாலுகா ஆபீசில் கிடையாது, கல்லறையில் மறுபடி உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவரே எழுப்பினார்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது யாரும் வரிசை மாறி எழுந்துவிடக் கூடாதல்லவா!