மீனுக்கு முதல் பந்தி

மீனைக் கடைசிக் கவளம் வரைக்கும் காப்பாற்றத் தெரிந்தவன்தான் குடும்பத்தையும் காப்பாற்றுவான் என்பது என் பாட்டியின் பொருளாதாரம். தட்டில் குவித்த சோற்றின் ஓரத்தில் இரண்டு சாளை ஒதுங்கிக் கிடக்கும், கை அந்தப் பக்கம் போனால், “ஏலே, சோத்தத் தின்னு, மீனு நீந்தியா போயிரும்?” என்று அதட்டல் விழும். புன்னைக்காயல் என்ன, மணப்பாடு என்ன, கடற்கரையில் வளர்ந்த யாரும் இதை ஏதோ ஒரு குரலில் கேட்டிருப்பீர்கள்.

இப்போது தூத்துக்குடியில் எனக்குச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதித் தரும் பெண், பேத்தி வயதுதான் இருக்கும், பாட்டியின் சட்டத்தைத் தலைகீழாக்கிவிட்டாள். முதலில் காய், அடுத்து மீன், கடைசியில்தான் சோறு, அதுவும் அளந்து. நாரும் புரதமும் முன்னால் போய் வயிற்றில் இடம்பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகத்தான் இறங்குமாம், ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறாதாம். காலம் போன காலத்தில் மீனுக்கு முதல் பந்தி கிடைத்திருக்கிறது, நெய்மீன் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிற காலமாகப் பார்த்து.

பாட்டி அதட்டிய அந்த வயதில் எனக்கிருந்த லட்சியமே மூன்று வேளையும் சுடச்சுட வெள்ளைப் பச்சரிசிச் சோறு தின்பதுதான். காலையில் பழையதையும் சின்ன வெங்காயத்தையும் சுட்ட கருவாட்டையும் வைத்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வேன். ஆறின சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிப்போய், எளிதில் செரிக்காமல், நாரின் வேலையைச் செய்யும் என்று அப்போது யார் கண்டது? டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவர் கூட்டாளிகளும் எந்த உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று எண் போட்டு வரிசைப்படுத்தியது 1981இல். அதற்குள் எங்கள் வீட்டில் பழையது போய் இட்லி வந்துவிட்டது.

அதற்காக, அந்தக் காலத்துச் சாப்பாடே மருந்து என்று மார்தட்டுகிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். உடன்குடிக் கருப்பட்டி பனையில் பிறந்தது, ஒன்றும் செய்யாது என்று இன்றும் ஊரில் சத்தியம் செய்கிறார்கள். வாசத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் அதுவும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், விரலில் குத்திப் பார்க்கிற கருவிக்குப் பனையும் தெரியாது கரும்பும் தெரியாது. எங்களைக் காப்பாற்றியது துடுப்பு. தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தைத் தாண்டி வல்லத்தை வலித்துப் போகிறவனின் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பிறகு எஞ்சின் வந்தது, தோள்கள் ஓய்ந்தன, வயிறு மட்டும் பழைய கணக்கிலேயே சோறு கேட்டது. அந்தத் தோள்காரர்கள் எல்லாம் இன்று சாப்பிட்ட கையோடு, டாக்டர் சொன்னார் என்று, கடற்கரையில் கைவீசி நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே நானும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு வந்தபோது எங்கள் தெருவில் யாரும் திடுக்கிடவில்லை. 1961க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு இல்லை. ஆனாலும் திண்ணையில் கிழவர்கள் வெள்ளை மாத்திரைகளை உள்ளங்கையில் உருட்டி எண்ணுவதைப் பார்த்தால் முத்துச் சலாபம் மறுபடி கூடிவிட்டதோ என்று தோன்றும். போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவமனை நடத்திய ஊர் எங்கள் புன்னைக்காயல். நாங்கள் ரத்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு தூத்துக்குடி பஸ் ஏறுகிறோம்.

அறிக்கை வர இருட்டிவிட்டால் நைட் கிளப். தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு அப்படித்தான் பேர், வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைத்தால் நாங்கள் பொறுப்பல்ல. ஒரு காலத்தில் இலையைக் கண்டதும் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவில் முக்கியவன், இப்போது வெங்காயத்தைக் கொறித்து, ஆம்லெட்டை முடித்து, ஒற்றைப் பரோட்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பரிமாறுகிற பையனுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, பரோட்டா ஆறுது.”

“ஆறட்டும் தம்பி,” என்றேன், சோற்றுக்குச் சொன்னதைப் பரோட்டாவுக்கும் நானே நீட்டித்துக்கொண்டு, “ஆறினாத்தான் நல்லதாம்.”