இலகுவாக்கும் கலை

1979 ஜனவரியில் முடிந்த முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் சஹாராவைக் கடந்து முதலிடம் பிடித்தது யமஹா எக்ஸ்டி 500. ஒற்றை சிலிண்டர், 499 சிசி, உதைத்தால்தான் கிளம்பும். (டிகம்ப்ரஷன் லீவரை மறந்துவிட்டால் அது திருப்பி உதைக்கும்.) அப்பேர்ப்பட்ட வண்டியைத்தான் இன்று பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஷெட்டில் ஏற்றி இலகுவாக்குகிறார்கள்.

முதல் பலி பின் மட்கார்டு. அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டி. அந்த இடத்தில் ஒரு கூம்பு வடிகட்டி. காற்று கூடிப்போய்க் கலவை மெலிய, கார்புரேட்டருக்குப் புது ஜெட் தேடி அலைச்சல். பிறகு ஃபிரேமின் வாலை அறுத்து ஒரு வளையத்தைப் பற்றவைத்து, அதன்மேல் அப்பளம் கனத்தில் சீட். சஸ்பென்ஷனைத் தாழ்த்தினால்தானே அழகு! பாலைவனம் தாண்டிய வண்டி இப்போது வேகத்தடையைப் பார்த்தாலே தயங்குகிறது. மழை பெய்தால் ஓட்டுபவரின் முதுகுதான் மட்கார்டு. இத்தனைக்கும் குறைந்த எடையை அவர் கிராம் கணக்கில் சொல்வார். ஆன செலவை மட்டும் வீட்டில் சொல்லமாட்டார்.

எக்ஸ்டி 500-இன் எஞ்சினைச் சாலை வண்டியில் பொருத்தி, மட்கார்டும் உட்காரத்தக்க சீட்டுமாக எஸ்ஆர் 500 என்று 1978-லேயே யமஹா விற்றது. அதையும் விட்டுவைக்கவில்லை, அறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.