ஐந்து பாலம் கடந்த ஹெரால்ட்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டி வருகிறது. எழுபதுகளில் பாலங்களெல்லாம் குறுகல். எதிரே நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். எங்கள் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அந்த வழியில்தான் போய் வந்துகொண்டிருந்தது. இப்போது அது கொல்லையில், மாடு கட்டாத மாட்டுக்கொட்டகையில், பாடி ஒரு பக்கம் சேஸ் ஒரு பக்கமாகக் கட்டைகளின்மேல் நிற்கிறது. பிரித்தவன் நான். மறுபடி பூட்டி ஓட்டப் போகிறவனும் நான்தான்.

ஊர் அதைக் குடும்ப வண்டி என்றுதான் பார்த்தது. அம்பாசடர் பக்கத்தில் நின்றால் குள்ளமாகத் தெரியும். கதவு இரண்டே, பெரியவர்கள் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிவிட வேண்டும். ஆனால் அதன் வம்சம் வேறு. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த கார் அது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. அந்தச் சேஸைக் குறுக்கி, அவரே உருவம் கொடுத்து, 1962-ல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். லோட்டஸ் எலானின் முன்சக்கரத்தைத் தாங்கும் உருப்படியும் ஹெரால்டின் வழியில் வந்ததே. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961-லிருந்து ஹெரால்டைத் தயாரித்தது. 948 சிசி எஞ்சின்தான். ஆனாலும் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்ட்கள் ஓடின. அப்பா அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு வீட்டில் வேறு எந்தக் காரைப் பற்றியும் பேச்சு எழவில்லை.

செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினார். அன்றைக்குப் புதுக்கார் வேண்டுமென்றால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிய பிறகும் காத்திருப்பு தீரவில்லை. உதிரிபாகத்துக்காக மறுபடி தொடங்கியது. வண்டலூர் ஆலை நம் மாநிலத்திலேயே இருந்தும், ஒரு வாட்டர் பம்ப் வேண்டுமென்றால் அப்பா இரவு பஸ் ஏறி மெட்ராஸ் போவார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் புதுப்பேட்டையில் பழைய சாமான். வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் கேட்ட காலம்.

ஆனால் கைக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருமுனையில் இருந்த பட்டறையில் மேஸ்திரி ஒருவர். அவருக்குக் கீழே மூன்று பையன்கள். கிடைக்காத புஷ்ஷை அவரே கடைசலில் கடைந்து போடுவார். ஒடுங்கிய மட்கார்டை உள்ளே டாலி வைத்து வெளியே சுத்தியால் தட்டித் தட்டி எடுப்பார். பெயின்ட் அடித்த பிறகு எங்கே ஒடுங்கியது என்று விரலால் தடவினாலும் தெரியாது. பானெட்டை முன்பக்கமாக மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்பதால், முன்டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்ப்பார். அந்தக் காட்சிக்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் நிற்பேன்.

இந்தக் காரின் பெரிய பயம் பின்சக்கரம். டிஃபரன்ஷியலுக்கு மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை செட், இரண்டு பக்கமும் ஊஞ்சலாடும் ஆக்சில். டிக்கியில் விதைநெல் மூட்டை ஏற்றினால் பின்டயர்கள் கால் அகட்டி நின்று, உள் ஓரம் சீக்கிரம் தேயும். வேகமாக ஒரு வளைவில் போகும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க தம்பி, வளைவுல காலை எடுக்காதீங்க" என்று நான் ஓட்டப் பழகிய நாளில் மேஸ்திரி சொன்னார். 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸலில் கம்பெனியே இந்த அமைப்பைக் கைவிட்டு, நேரான ஆக்சிலுக்கு மாறியது.

1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது; விலை போகவில்லை. 1988-ல் கார் உற்பத்தி நின்றது. அப்பா காலமான பிறகு எங்கள் ஹெரால்டும் கொட்டகைக்குள் போய்விட்டது. மேலே வைக்கோல், பக்கத்தில் ஐப்பசி கார்த்திகை ஈரம். டெல்டாவின் ஈரக்காற்றுக்குத் தகரம் எத்தனை வருஷம் தாங்கும்?

இப்போது நிலைமை தலைகீழ். ஆலை மூடிப் பல வருஷமாகிவிட்டது. சாமானோ வீட்டு வாசலுக்கு வருகிறது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரையும் ஹெரால்டையும் வைத்துப் பேணுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், அவற்றுக்கான ரப்பர், புஷ், பிரேக் சிலிண்டர், கேஸ்கெட் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அப்பா மெட்ராஸில் தெருத்தெருவாகத் தேடிய சாமானை நான் திண்ணையில் உட்கார்ந்தபடி போனில் ஆர்டர் செய்கிறேன். சுங்க வரி கட்டினால் கூரியர்காரர் அக்ரகாரத்து வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். இதை அப்பா பார்க்கவில்லையே என்ற ஏக்கம் ஒவ்வொரு பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் வருகிறது.

கிடைக்காதது கைதான். தகரம் தட்டத் தெரிந்தவர்கள் அரிதாகிவிட்டார்கள். இன்றைய ஒர்க்‌ஷாப்பில் கதவு ஒடுங்கினால் புதுக்கதவு மாட்டுகிறார்கள். சின்ன ஒடுக்கலென்றால் பட்டி பூசித் தேய்த்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் சூடு காட்டினால் தகரம் சுருங்கும், எங்கே தட்டினால் விரியும் என்ற கணக்கு கூரியரில் வராது.

அதனால் மேஸ்திரியைத் தேடிப் போனேன். பட்டறை எப்போதோ போய்விட்டது. எண்பதைத் தாண்டியவர், கண் மங்கல், கை நடுக்கம். நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொல்ல மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டார். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியில் பட்டியைச் சுரண்டியபோது உள்ளே ஓர் ஒட்டு தெரிந்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, பித்தளை வைத்துப் பற்றவைத்த ஒட்டு. சுற்றிலும் கம்பெனித் தகரம் துருவாய் உதிர்ந்துகொண்டிருக்க, அந்த ஒட்டு மட்டும் முழுசாக இருந்தது. அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல இன்னும் கொஞ்சம் மடிச்சிருக்கணும்" என்றார்.

அடுத்து முன்சக்கரம். ட்ரன்னியன் என்ற வெண்கல உருப்படிக்குள் எஃகுத் தண்டு மரை ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கெட்டிப்பட்டு உள்ளே ஈரம் தங்கினால் தண்டு அரித்து ஒருநாள் ஒடியும். ஓடும் வண்டியில் சக்கரம் மடிந்துவிடும். இன்றும் பலர் தவறுகிற இடம் இது. எங்கள் வண்டியின் ட்ரன்னியனைக் கழற்றினோம். கருத்த எண்ணெய்க்கு அடியில் மரை பளிச்சென்று இருந்தது. வாங்கி வைத்திருந்த புதுத் தண்டை மறுபடி பெட்டியில் போட்டு மூடினேன், பழையதே ஏறட்டும்.

பெட்ரோல் பாதையை மட்டும் முழுக்க மாற்றியாக வேண்டும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுப்பது. பழைய ரப்பர் டியூபும் பம்ப்பின் சவ்வும் அதில் ஊறி உப்பிவிடும். அதற்குத் தாங்கும் டியூபும் சவ்வும் வந்துவிட்டன.

காகித விஷயத்திலும் முடிவெடுத்துவிட்டேன். 50 வயது தாண்டிய வண்டிகளை 'விஏ' வரிசையில் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. மதிப்பான ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. தியாகராஜர் ஆராதனைக்கு வரும் வித்வான்களைத் தஞ்சாவூர் ஜங்ஷனிலிருந்து அழைத்து வந்த வண்டி இது, வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன வண்டி. இதைக் காட்சிப்பொருளாக வைக்க எனக்கு மனமில்லை. பழைய எண்ணிலேயே எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கப் போகிறேன்.

இப்போதைய வேலை தரைத்தகரம். பாலிடெக்னிக் முடித்த பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சாயங்காலம் வருகிறான். மேஸ்திரி நாற்காலியில் இருந்தபடி சத்தத்தை வைத்தே அவன் அடி சரியா என்று சொல்கிறார். "வேகமா அடிக்காத, மெதுவா, பக்கத்துப் பக்கத்துல அடி." பையனுக்கு மாதச் சம்பளம் பேசிவிட்டேன், இந்த வண்டியோடு அது நிற்காது. கும்பகோணத்தில் ஒருவர் வீட்டில் பழைய ஃபியட் ஒன்று கிடக்கிறதாம். இது முடிந்ததும் அதைக் கொண்டுவரச் சொல்லி மேஸ்திரி ஏற்கெனவே ஆள் அனுப்பிவிட்டார்.