கொஞ்சம் பின்னால வரட்டும்

எங்கள் தென்னந்தோப்பில் உழுவது ஒரு மணி நேர வேலை. கலப்பையை மாட்டுவது அரை நாள் வேலை. டிராக்டர் விற்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. விளம்பரப் படத்தில் வண்டி கலப்பையோடே பிறந்தது போல நிற்கும். மாட்டுகிற படத்தைப் போட்டால் ஒரு வண்டிகூட விற்காது.

பொள்ளாச்சிப் பக்கம் மரத்துக்கு மரம் 25 அடி விடுவது வழக்கம். அதற்குள் பெரிய டிராக்டர் திரும்பினால் சொட்டுநீர்க் குழாயும் சேர்ந்து திரும்பும் என்பதால், 18 குதிரைத்திறன் குட்டி வண்டியும் அதற்கேற்ற அஞ்சு கொழுக் கலப்பையும் வாங்கினோம். கலப்பை பார்வைக்குப் பரம சாது. ஆனால் தரையில் உட்கார்ந்துவிட்டால் ஓர் அங்குலம் நகராது. வண்டியோ ஓர் அங்குலம் மட்டும் நகரச் சம்மதிக்காது. கிளட்ச்சை விட்டால் ஒரு சாண் பாயும். இந்த இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவில்தான் கலப்பையை வண்டியோடு இணைக்கும் பின்னை மாட்ட வேண்டும்.

வண்டியின் பின்பக்கம் கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கைகள் நீண்டிருக்கும், லிங்க் என்பார்கள். மேலே இருப்பது டாப் லிங்க். இந்த மூன்று கை ஏற்பாட்டுக்குக் காரணம் வட அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன். 1909 டிசம்பர் 31இல், தானே செய்த விமானத்தில் அயர்லாந்து மண்ணிலிருந்து முதலில் பறந்தவர். அப்புறம் வானத்தை விட்டு உழவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் இழுத்துச் செல்லும் கலப்பை பாறையில் மாட்டினால், டிராக்டர் முன்னங்காலைத் தூக்கி ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசனின் ஏற்பாட்டில் கொழு பாறையில் சிக்கினால் டாப் லிங்க் முன்பக்கமாக அழுத்தி வண்டியின் மூக்கைக் கீழே பிடித்துவைக்கும். உயிர்காத்த யோசனை. இவ்வளவு மூளையுள்ள மனிதர், லிங்க்கின் ஓட்டையும் பின்னும் நேருக்கு நேர் வரவும் ஒரு வழி யோசித்திருக்கலாம். இந்த ஏற்பாட்டுக்காக 1938இல் அவரும் ஹென்றி ஃபோர்டும் எழுத்தே இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அது கோர்ட்டுக்குப் போய் 1952இல் 92.5 லட்சம் டாலரில் முடிந்தது. இரண்டு கை சேர்ந்ததற்கே இந்தப் பாடு என்றால், மூன்று கை சேர்வதைக் கேட்க வேண்டுமா?

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் இடது, பிறகு வலது, கடைசியில் டாப் லிங்க். ஏற்றி இறக்கும் திருகு வலது பக்கம்தான் இருக்கிறது. அதனால் வளையாத இடதின் சம்மதத்தை முதலில் வாங்கிக்கொண்டு, வளைந்துகொடுக்கும் வலதை அப்புறம் சரிக்கட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுவார்த்தைகளும் இப்படித்தான் நடக்கும்.

ஓட்டுகிற பையன் சீட்டில் இருப்பான். நான் கடப்பாரையோடு ஓரமாக நிற்பேன். மாமனார் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி மேற்பார்வை.

"இன்னுங் கொஞ்சம் பின்னால வரட்டும்."

"ஏனுங்க, கொஞ்சம்னா எத்தனைங்க?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான்டா!"

கூடவே கையையும் ஆட்டுவார். அந்தக் கையாட்டல் 'வா'வா, 'போதும்'மா என்பது அவருக்கே வண்டி நின்ற பிறகுதான் தெரியும். "மாப்ளே, அந்தக் காலத்துல மாட்டை ஏர்ல பூட்ட ஒரு பீடி நேரம் போதும். ஆழம் வேணும்னா நுகத்துல கயித்தை மாத்திக் கட்டுவோம், அவ்வளவுதான்" என்பார். அந்த மாடு அவரை எத்தனை தடவை முட்டியது என்பது மாமியார் சொல்லும் தனி வரலாறு.

ஒருவழியாக மாட்டியாயிற்று என்றால் பின்னுக்குப் பூட்டான வளையக் கம்பியைக் காணோம். அது புழுதிக்குள் போவதற்காகவே செய்யப்படுகிறது. இந்தத் தோப்பை என்றாவது தோண்டிப் பார்த்தால் தேங்காயைவிட வளையக் கம்பிதான் அதிகம் கிடைக்கும்.

அடுத்தது சரிபார்ப்பு. டாப் லிங்க்கைச் சுருக்கினால் முன்வரிசைக் கொழுக்கள் மண்ணைக் குத்தும், பின்வரிசை காற்றை உழும். நீட்டினால் பின்வரிசை இறங்கும், முன்வரிசை தரைக்குத் தலைவாரும். பக்கத்துச் சங்கிலி தளர்ந்தால் கலப்பை ஆடிப்போய் டயரை உரசும். எல்லாம் சரியாக அமையும் ஒரு திருகு நிச்சயம் உண்டு. அது நாம் திருகிய கடைசித் திருகுக்கு முந்தியது. இத்தனையும் முடித்து, வேர் அறுபடாமல் மரத்தடியில் ஆறடி வட்டத்தை விட்டு உழுதால், நாலு விரல் ஆழத்துக்கு மண் பொலபொலவென்று புரளும். அந்த ஒரு மணி நேரம் மாமனார்கூடப் பேசுவதில்லை.

உழவு முடிந்து வண்டியை நிறுத்தினோம். கலப்பை நூல் பிடித்தது போல மட்டமாக நின்றது. இதை இனி மழைக்காலம் முடியும் வரை கழற்றுவதில்லை என்று பையனிடம் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தலை தெரிந்தது.

"தம்பி, காய் போட்டுக் கெடக்குது, லாரி நாலு மணிக்கு. டிரெய்லரை மாட்டிக்கிட்டு ஒரு நடை வரச் சொல்றியா?"

"அதுக்கென்னங்க, வரச் சொன்னாப் போச்சு" என்றார் மாமனார், கட்டிலை விட்டு எழாமலே. கலப்பை கழன்று விழ ஒரு பீடி நேரம்கூட ஆகவில்லை.