ஆறு வாரத்துக்கு ஒரு ஹலோ

இங்கிலாந்தில் சமூகத் தண்டனை என்றால் 40 முதல் 300 மணி நேரம் வரை கூலியில்லாமல் வேலை பார்க்கச் சொல்லலாம். ஆரஞ்சு மேலங்கி, கையில் துடைப்பம். காரணமில்லாமல் ஒருநாள் வராவிட்டால் எச்சரிக்கை. பன்னிரண்டு மாதத்துக்குள் மறுபடி மட்டம் போட்டால் கோர்ட். கறார்தான், வேண்டியதுதான்.

இந்தத் தண்டனை பெற்றவர்களைக் கவனிக்க 1907 முதல் நன்னடத்தை அலுவலர்கள் இருந்தார்கள். புத்தி சொல்வது, உதவுவது, துணையாக நிற்பது என்று சட்டமே அவர்கள் வேலையை எழுதிவைத்தது. பாவம், இதில் லாபம் எங்கே என்று நூறு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங்குக்குத் தோன்றியது. 2014-ல் இந்த அலுவலர்கள் வேலை பார்த்த 35 புரொபேஷன் டிரஸ்ட்டுகளைக் கலைத்தார். பேராபத்தானவர்கள் அரசுக்கு. மற்றவர்களை 21 பொட்டலமாகக் கட்டிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார். வாங்கியவர்களில் கேன்டீன் நடத்தும் சொடெக்ஸோவும் கட்டட வேலை செய்துவந்த இன்டர்சர்வும் உண்டு. சோறு பொங்கவும் செங்கல் அடுக்கவும் தெரிந்தவர்களுக்கு மனுஷனைத் திருத்தத் தெரியாதா என்ன?

திருத்தினார்கள், போனில். சிலருக்கு ஆறு வாரத்துக்கு ஒரு அழைப்பு: "நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் திருடலையே? சரி, வெச்சிடறேன்." ஒரு இளநிலை ஊழியர் தலையில் இருநூறு பேருக்கு மேல். இதற்குப் பெயர் புதுமை! நன்னடத்தைப் பணிகளின் தலைமை ஆய்வாளர் கிளெனிஸ் ஸ்டேசி 2017-லேயே சத்தம் போட்டார். யார் காதில் விழுந்தது?

டார்செட், டெவன், கார்ன்வால் பக்கம் வொர்க்கிங் லிங்க்ஸ் என்ற கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. ஆளையே பார்க்காமல் அவரைத் திருத்தும் திட்டம் தயார்! இலக்கு எட்டப்பட வேண்டுமே. வீடில்லாமல் குடியில் கிடந்தவனுக்குத் திட்டம் என்ன செய்தது, அவனிடம் மறுபடி பறிகொடுத்தவருக்கு யார் பதில் சொல்வது என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது. 2019 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவாலானது.

சரி, இரண்டு முறை தவறியவன் கோர்ட்டுக்குப் போகிறான். வருடக்கணக்கில் மட்டம் போட்ட கம்பெனிகள்? முதலில் பேசியதைவிடக் குறைந்தது 46.7 கோடி பவுண்டு கூடுதலாக அரசுக்குச் செலவு என்று 2019-ல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொன்னது. 2021 ஜூனில் வேலை மொத்தமும் அரசின் கைக்கே திரும்பியது.

கிரேலிங் சும்மா இருக்கவில்லை. போக்குவரத்து அமைச்சரானார்; 2018-ல் கப்பலே இல்லாத கம்பெனிக்குக் கப்பல் விடும் ஒப்பந்தம் கொடுத்தார். அதற்கும் தண்டனை இல்லை. 2024-ல் வாழ்நாள் பிரபு பட்டம் கொடுத்தார்கள். பிரபுக்கள் சபையில் தலைகாட்டும் நாளுக்கெல்லாம் தினப்படி உண்டு.