ஒரே நாள், இரண்டு தீர்ப்பு

கேள்வி: அரசு வேறு, மதம் வேறு என்கிற அமெரிக்காவில், அரசு இடங்களில் பைபிளின் பத்துக் கட்டளைகளை வைக்கலாமா?

பதில்: 2005 ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகவும் பதில் சொன்னது! கென்டக்கியில் நீதிமன்றச் சுவரில் மாட்டியது கூடாது. டெக்சாஸ் சட்டமன்ற வளாகத்தில் 1961-இல் நட்ட கல் இருக்கலாம். இரண்டுமே 5-4 என்ற வாக்குக் கணக்கில் வந்தவை. இரண்டிலும் வென்ற பக்கம் நின்றவர் நீதிபதி பிரேயர் ஒருவரே. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கல்லை யாரும் எதிர்க்கவில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளானால் கல்லில் பாசி ஏறும், உரிமை ஏறாது. வழக்கோடு படியேறுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், எதையும் கும்பிடாவிட்டாலும், அது அவருடைய நீதிமன்றம். என் ஓட்டு கென்டக்கித் தீர்ப்புக்கே.