எட்டாவதுதானே!

"எட்டாவதுதானே, நானே சொல்லிக்கொடுக்கிறேன்" என்று போன மார்ச் மாதம் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மகளுக்கு முழுஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. டியூஷனுக்கு மாதம் எண்ணூறு ரூபாய் கேட்டார்கள். நான் பி.காம். படித்தவன். எண்ணூறு மிச்சம் என்று மனசுக்குள் வரவு வைத்தேன். அந்த வரவுதான் பிற்பாடு வாராக் கடனாயிற்று.

எங்கள் வீட்டில் எட்டாவதை லேசாகப் பேசக் கூடாது. என் அப்பா அந்தக் காலத்து இ.எஸ்.எல்.சி. எட்டாம் வகுப்பு முடிவில் அப்போது அரசாங்கமே பொதுத்தேர்வு நடத்தும். அதில் தேறிய ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு அரிசி ஆலையில் கணக்கெழுதி, எங்கள் மூன்று பேரையும் கரையேற்றியவர். 'எட்டாவது' என்று அவர் சொல்கிற தோரணையில் மற்றவர்கள் 'ஐ.ஏ.எஸ்.' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் காலத்து எட்டாவது வேறு மாதிரி. பள்ளிக்கூடமே பரீட்சை வைத்து, பள்ளிக்கூடமே திருத்தி, பள்ளிக்கூடமே மன்னித்து, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டது. நடுவில் 2019இல் எட்டாவதுக்கு மறுபடி பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தபோது அப்பா மட்டும் குஷியாக இருந்தார். 2020 பிப்ரவரியில் அதை வாபஸ் வாங்கினார்கள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் நாள் தமிழ். தாய்மொழிதானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். பாடம், எழுத்துகளின் பிறப்பு. வல்லினம் மார்பில் பிறக்கிறது, மெல்லினம் மூக்கில், இடையினம் கழுத்தில். நாற்பத்தெட்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், எங்கிருந்து பேசுகிறேன் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

"மூக்கைப் பிடிச்சிக்கிட்டு 'ம்' சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

பிடித்துக்கொண்டு சொன்னேன். கன்னம் உப்பியதே தவிர, சத்தம் வரவில்லை. விட்டதும் வந்தது. ஆச்சரியம் தாங்காமல் அப்பாவையும் கூப்பிட்டேன். அவரும் மூக்கைப் பிடித்தார். மகள், 'ங், ஞ், ண், ந், ம், ன்' என்று வரிசையாக ஏவ, மூன்று தலைமுறையும் கூடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் மனைவி நேராகச் சமையலறைக்குப் போய்க் குப்பைக்கூடையை எடுத்து வெளியே வைத்தாள்.

ஆய்தம் பிறக்கும் இடம் தலை என்று படித்தபோது, "பரவாயில்லை, அதுவாவது தலையிலேருந்து வருதே" என்றார் அப்பா. யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை.

கணக்கில் நான் ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன். எட்டாவது கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்றொரு இயல் இருக்கிறது. சதவீதம், இலாப நட்டம், ஜி.எஸ்.டி., கூட்டு வட்டி. முழுக்க என் ஏரியா. 10,000 ரூபாய்க்கு 10 சதவீத வட்டி, இரண்டு வருஷம். தனி வட்டி 2,000, கூட்டு வட்டி 2,100, வித்தியாசம் வெறும் நூறு ரூபாய் என்று பேனா எடுக்காமலே சொன்னேன். மகள் மரியாதையோடு பார்த்தாள். அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். "அப்பா கிரெடிட் கார்டுல வாங்கினாரே டிவி, அதுக்கெல்லாம் இதுதான்" என்று உதாரணம் வேறு சொன்னேன்.

"அதுக்கு என்ன வட்டிப்பா?"

"மாசம் மூணு பர்சென்ட்தான். வருஷத்துக்கு முப்பத்தாறு."

மகள் பென்சிலை எடுத்தாள். மூன்று சதவீதம், பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு மாதமும் வட்டிக்கு வட்டி. பெருக்கல் பக்கத்தின் அடிவரை இறங்கி, ஓரமாக வளைந்து, மார்ஜினில் ஏறியது. "முப்பத்தாறு இல்லப்பா. பத்தாயிரம் கட்டாம வச்சிருந்தா வருஷக் கடைசியில 14,258. நாப்பத்திரண்டரை பர்சென்டுக்கு மேல வருது" என்றாள். அதில் அபராதமும் வரியும் சேரவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "வட்டி குட்டி போடும்னு அரிசி ஆலையில மூட்டை தூக்குறவனுக்கே தெரியும். இவன் பி.காம்." என்றார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. டிவிக்கு வட்டியில்லாத் தவணை என்றுதான் அங்கே சொல்லி வைத்திருந்தேன்.

சமூக அறிவியலிலாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஐரோப்பியர் வருகையில் தொடங்கி பிளாசி 1757, பக்சார் 1764 என்று ரயில்வே கால அட்டவணை மாதிரிப் போகும் புத்தகம் அது. வருஷத்தை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கதையாகச் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் வந்தது. 1798இல் ஹைதராபாத் நிஜாம்தான் முதலில் மாட்டியவர். ஆங்கிலேயப் படை உன் மண்ணில் இருக்கும், செலவு உன்னுடையது. கம்பெனியின் ஆள் ஒருவர் உன் தலைநகரிலேயே தங்குவார். கம்பெனியைக் கேட்காமல் நீ யாரோடும் போர் தொடுக்கக் கூடாது, உடன்பாடும் கூடாது. எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்.

"புரியலப்பா."

"உன் சின்ன மாமா போன வருஷம் வேலை தேடி வந்து நம்ம வீட்டுல எட்டு மாசம் இருந்தான்ல?"

பளிச்சென்று புரிந்துவிட்டது அவளுக்கு. அதுவரை நல்ல ஆசிரியராகத்தான் இருந்தேன். ஆனால் குழந்தை அந்த விளக்கத்தைத் தொலைபேசியில் மாமாவிடமே ஒப்பித்துக் காட்டும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் இரவுச் சாப்பாடு மேஜையில் மூடி வைக்கப்பட்டிருந்தது. எனக்கு நானே பரிமாறிக்கொண்டேன். டல்ஹௌசியின் வாரிசு இழப்புக் கொள்கையை உதாரணம் இல்லாமலே நடத்தினேன்.

ஆங்கிலத்தை விட்டுவிடுகிறேன். அவள் உச்சரிப்பைக் கேட்ட பிறகு நான் வாயே திறக்கவில்லை.

அறிவியலில் விசையும் அழுத்தமும், ஒளி, வெப்பம் எல்லாம் ஓரளவு ஓடியது. அமிலங்கள், காரங்கள் வந்தபோது அப்பாவின் செரிமான மாத்திரையை வைத்தே சமாளித்தேன். அடுத்து வந்தது 'வளரிளம் பருவமடைதல்'. உடல் வளர்ச்சியைப் பற்றிய பாடம் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "இதை வீட்டுல படிச்சிக்குங்க" என்று வாத்தியார் நான்கு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினார். அன்றைக்குத்தான் வகுப்பு மொத்தமும் வீட்டுக்குப் போய் ஒழுங்காகப் படித்தது. இப்போது வீட்டில் வாத்தியார் நான். பக்கத்தை எங்கே திருப்புவது? தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் மகளே பிட்யூட்டரி சுரப்பி, ஹார்மோன், குரல் உடைவது எல்லாவற்றையும் தாத்தாவுக்கு நடத்திக்கொண்டிருந்தாள்.

"எங்க எட்டாவதுல இதெல்லாம் கிடையாதும்மா" என்றார் அவர்.

"அப்புறம் எப்படித் தாத்தா வளர்ந்தீங்க?"

இ.எஸ்.எல்.சி. பதில் தெரியாமல் விழித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தேர்வுக்கு முந்தின வாரம் பயிற்சி நோட்டுகளில் பெற்றோர் கையெழுத்து கேட்டிருந்தார்கள். தமிழ் நோட்டைப் பிரித்தேன். வேற்றுமை எட்டுக்கும் ஒரே பெயர்ச்சொல்லை வைத்து எடுத்துக்காட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ பெயர்ச்சொல் இருக்கிறது தமிழில். கிளி இருக்கிறது, மரம் இருக்கிறது, கண்ணன் இருக்கிறான்.

முதல் வேற்றுமை: அப்பா தூங்கினார்.
இரண்டாம் வேற்றுமை: அம்மா அப்பாவைத் திட்டினார்.
மூன்றாம் வேற்றுமை: டிவி அப்பாவால் வாங்கப்பட்டது.
நான்காம் வேற்றுமை: அப்பாவுக்கு வட்டி தெரியாது.
ஐந்தாம் வேற்றுமை: கணக்கில் அப்பாவின் சிறந்தவர் தாத்தா.
ஆறாம் வேற்றுமை: அப்பாவினது கடன்.
ஏழாம் வேற்றுமை: அப்பாவிடம் பணம் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி. அடியில் 'மிக நன்று. சொந்த எடுத்துக்காட்டுகள்' என்று ஆசிரியையின் கையெழுத்து. எட்டாவதை, விளி வேற்றுமையை, தேடினேன். அது நோட்டில் இல்லை, எதிரே நின்றுகொண்டிருந்தது.

"அப்பா! சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, வேன் வந்திருச்சு."